வடிவேலு வசனத்தை வெளிநாட்டுக்காரங்களுக்கு எப்படிக் கொண்டுபோறது? சப்டைட்டில் பண்றவங்க உதவுங்க

கயல்_கடலூர்ஓடி:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பியும் அவன் கூட்டாளிங்களும் சேர்ந்து கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு வெப்சீரிஸ் எடுத்து முடிச்சிருக்காங்க. ஃபைபர் படகு எஞ்சின் ரிப்பேர் பண்ற ஒரு ஷெட், அங்க வேலை பாக்குற பசங்க, ஷெட்டு ஓனர், பக்கத்துல மீன் ஏலம் விடுற ஒரு அம்மா, இவங்களைச் சுத்தித்தான் கதை. யூடியூப்ல போடப்போறாங்க. ஆங்கில சப்டைட்டில் என் பொறுப்பு. நான் முடிச்சுக் கொடுத்ததும் அந்த ஆங்கிலத்தைப் பாத்து புதுச்சேரியில ஒருத்தர் பிரெஞ்சுல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு.

பிரச்சினை என்னன்னா, பசங்க பேசுறதுல பாதி சினிமா வசனம். மீதி, பசங்களுக்குள்ள புழங்குற பேச்சு. நேரா ஒரு இடத்தைச் சொல்றேன்.

காலையில ஓனர் ஷெட்டைத் திறந்து உக்காந்திருக்காரு. பசங்க அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. மாரிங்கிற பையன் பத்தரை மணிக்கு வர்றான். "ஏன்டா லேட்டு?" "நைட்டு ஃபுல்லா ஆணிண்ணே." ஓனர் அவனை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீ புடுங்குறது பூரா..."ன்னு இழுத்து அங்கேயே நிறுத்திட்டு ஸ்பேனரைத் தேடப் போயிடுவாரு. சுத்தி நிக்கிற பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நமக்கு மிச்சத்தை யாரும் சொல்ல வேணாம். வடிவேலு இதைச் சொன்ன ஃப்ரெண்ட்ஸ் படம் 2001ல வந்தப்ப பொறக்காத பசங்க கூட இன்னிக்கு ஆஃபீஸ் வேலையை ஆணின்னு சொல்றாங்க.

'நிறைய வேலை இருந்துச்சு'ன்னு ஆங்கிலத்துல எழுதினா அர்த்தம் வந்துடும், ஆனா அடுத்து வர்ற சிரிப்புக்குக் காரணமே இருக்காது. ஆணியை ஆணின்னே எழுதினா மாரி தச்சு வேலை பாக்குறவன்னு நெனச்சுக்குவாங்க. கீழே குறிப்புப் போட ஸ்க்ரீன்ல இடமும் இல்ல, நேரமும் இல்ல.

கெத்து, மொக்க, சீன் போடாத, பல்பு வாங்கிட்டான், கலாய்க்கிறான் இதெல்லாம் வேற வருது. 'அமெரிக்கப் படத்துல ஃபேமஸா இருக்குற வசனமாப் பாத்துப் போட்டுடு'ன்னு தம்பி சொல்றான். எனக்கு மனசு ஒப்பல. எங்க ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) பசங்க வாயில ஹாலிவுட் வசனம் வந்தா அது எங்க பசங்களாவே இருக்காது. இந்த வேலை பாக்குறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

---

வில்லியனூர்_செந்தில்:

உங்க தம்பி சொல்றதுல தப்பில்லங்க. நான் சென்னையில டப்பிங் ஸ்க்ரிப்ட் எழுதுற வேலையில இருந்தவன். இங்கிலீஷ் படத்தைத் தமிழ்ல டப் பண்றப்ப அங்க இருக்குற ஜோக்கை அப்படியே வெச்சா தியேட்டர் அமைதியா இருக்கும். அதே இடத்துல நம்ம ஊர் காமெடி வசனத்தைச் செருகினா கைத்தட்டு. பாக்குறவன் அந்த நொடியில சிரிக்கணும், அதுதான் கணக்கு. "நான் ஒரு தடவ சொன்னா"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, பாட்ஷா தெரியாதவனுக்கு அதுல என்ன இருக்கு? 1984 டெர்மினேட்டர்ல இருந்து "ஐ வில் பி பேக்"ன்னு போடுங்க, உலகத்துக்கே தெரியும்.

---

துபாசி_முத்தியால்பேட்டை:

கயல், ஓனர் பாதியில நிறுத்திட்டு ஸ்பேனர் தேடப் போறாருன்னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்தை எழுதினவங்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க. அதைக் கெடுக்காமக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் புதுச்சேரி. தமிழ்ப் படங்களுக்கு பிரெஞ்சு சப்டைட்டில் போடுறது என் தொழில். எங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல இந்தோசீனா வரைக்கும் போய்ட்டு வந்து பென்ஷன் வாங்கினவரு. சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு பாரிஸ் பக்கம். லீவுக்கு வர்ற பிள்ளைங்களுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. நான் எழுதுற ஒவ்வொரு வரியையும் முதல்ல அவங்களுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். எங்க சிரிக்கிறாங்க, எங்க திரும்பி என் மூஞ்சியைப் பாக்குறாங்கன்னு கவனிப்பேன்.

செந்தில் தம்பி, நீங்க சொல்றது டப்பிங்குக்குப் பொருந்தும். டப்பிங்ல மூலக் குரல் காதுல விழாது. சப்டைட்டில்ல மாரியோட குரலும் கேக்கும், கடலூர் துறைமுகமும் கண்ணுக்குத் தெரியும். கீழே எழுத்து மட்டும் வேற ஊர்ல இருக்க முடியாது. போக்கிமான் கார்ட்டூன் ஆங்கிலத்துல போனப்ப, டப்பிங்லயே இது சிக்கலாயிருக்கு. பசங்க கையில வெள்ளைச் சோத்து உருண்டை, அதுல கறுப்பாக் கடல்பாசி ஒட்டியிருக்கு. வசனம் மட்டும் அதை ஜாம் வெச்ச டோனட்டுன்னு சொல்லும். அமெரிக்கப் பிள்ளைங்களுக்கு சோத்து உருண்டை தெரியாதுன்னு மாத்தினாங்க. அதைப் பாத்து வளர்ந்தவங்க இன்னிக்கும் இணையத்துல அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. ஒரு தடவ அப்படி நம்பிக்கை போச்சுன்னா, அடுத்து வர்ற எந்த வரியையும் பாக்குறவங்க சந்தேகத்தோடதான் படிப்பாங்க.

இப்ப ஆணிக்கு வருவோம். அந்த இடத்துல ஓனர் என்ன பண்றாருன்னு பாருங்க. லேட்டா வந்தவனைத் திட்டணும். நேராத் திட்டினா மாரி மூஞ்சி வாடிடும், அன்னைக்கு வேலை ஓடாது. அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வசனத்தைக் கடன் வாங்கித் திட்டுறாரு. அதையும் பாதிதான் சொல்றாரு. திட்டும் விழுந்துடுச்சு, மாரி கோவிச்சுக்கவும் வழியில்ல. மத்தவங்க சிரிச்சு அதை முடிச்சு வெக்கிறாங்க. வடிவேலு யாருன்னு பிரெஞ்சுக்காரங்களுக்கோ ஆங்கிலம் படிக்கிறவங்களுக்கோ தெரிய வேண்டிய அவசியமே இல்ல. இது ஓனரோட சொந்த வார்த்தை இல்ல, இவங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு வரி, அதை வெச்சு அடி படாம அடிக்கிறாரு. இவ்வளவு தெரிஞ்சாப் போதும், அவங்களும் சிரிப்பாங்க.

செய்ய வேண்டியது இதுதான். தமிழ் பாக்குறவங்க மனசுக்குள்ள எதை முடிச்சுக்கிறாங்களோ, அதை முதல் தடவ மட்டும் சப்டைட்டில் முடிச்சுக் கொடுக்கட்டும். மாரி சொல்றதை "ஆணி ஜாஸ்தி"ன்னு போடாம "ராத்திரி பூரா ஆணி புடுங்கினேன்"னு போடுங்க. புடுங்குறதுங்கிற வினை வந்துட்டாலே அது வெட்டி உழைப்புன்னு படமாத் தெரிஞ்சிடும். ஓனர் இழுக்குறப்ப "எவ்ரி நெயில் யூ புல்" வரைக்கும் ஒரு சப்டைட்டில். அவரு திரும்பி நடக்குறாரு, பசங்க சிரிக்கிறாங்க, அந்தச் சிரிப்பு மேல "இஸ் த ராங் நெயில்" அடுத்த சப்டைட்டிலா வரட்டும். ரெண்டையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இது எங்கேயோ கேட்ட வரின்னு அந்தக் குறி சொல்லிடும்.

அளவும் இடிக்காது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இடங்கள்ல ஒரு வரிக்கு 42 எழுத்து, மொத்தம் ரெண்டே வரி, ஒரு சப்டைட்டில் ஸ்க்ரீன்ல அதிகபட்சம் 7 வினாடின்னு வரையறை வெச்சிருக்காங்க. யூடியூப்ல யாரும் கேக்கப் போறதில்லன்னாலும் படிக்கிற கண்ணு ஒண்ணுதான், அந்த அளவையே வெச்சுக்குங்க. மேல சொன்ன வாக்கியத்தை முழுசாச் சேத்தாலும் இடைவெளியோட 37 எழுத்துதான் வரும்.

அடுத்த எபிசோட்ல ஆணி திரும்ப வருதா? வந்தா அப்ப முடிக்காதீங்க. ஓனர் எங்க நிறுத்துறாரோ அங்கேயே சப்டைட்டிலும் நிக்கட்டும். மிச்சத்தை அவங்களே மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க. அந்த நொடியில அவங்களும் ஷெட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க. வெளிநாட்டுல இருந்து பாக்குறவங்களுக்கு நாம கொடுக்கக்கூடியதுலயே பெருசு இதுதான்னு நான் நம்புறேன்.

இது நடக்குமான்னு சந்தேகப்படுறவங்க 2019 மே மாசக் கடைசியை ஞாபகப்படுத்திக்குங்க. பாகிஸ்தான்ல இருந்து நடத்துற ஒரு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க நாட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நம்மாளு ஒருத்தர் அதுக்குப் பேரைச் சொல்லிட்டு, பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையில இதுதான் விழுந்துச்சுன்னு நிஜச் செய்தி மாதிரியே எழுதினாரு. நேசமணி, அதே ஃப்ரெண்ட்ஸ் படத்துல வடிவேலு நடிச்ச வேஷம். நேசமணிக்காக வேண்டிக்குங்கன்னு ஹேஷ்டேக் கிளம்பி, பிரதமர் பதவியேற்பு நடந்த அதே சமயத்துல அதையும் தாண்டி ட்ரெண்ட் ஆச்சு. படமே பாக்காத வெளிநாட்டு ஆளுங்க 'யாரு இந்த நேசமணி, இப்ப எப்படி இருக்காரு?'ன்னு கேட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் அவங்களும் சேந்துக்கிட்டாங்க. முதல்ல அவங்களை இழுத்தது விளக்கம் இல்ல. சுத்தி இருக்குறவங்க எல்லாரும் ஒண்ணா ஒரு விஷயத்தைச் செய்றாங்கன்னு பாத்துத்தான் உள்ள வந்தாங்க. உங்க ஷெட்டுல சிரிக்கிற பசங்க அந்த வேலையைத்தான் பாக்குறாங்க. அவங்க மூஞ்சி தெரியிற ஷாட்ல எழுத்தை நெருக்கிப் போட்டு மறைச்சிடாதீங்க.

கெத்து, மொக்க பத்தி. ஒவ்வொண்ணுக்கும் ஈடா ஒரு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டாதீங்க. பல்பு வாங்கிட்டான்னா அந்த சீன்ல என்ன ஆச்சு, அவமானப்பட்டானா, ஏமாந்தானா, பொண்ணு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போச்சான்னு பாத்து அதை எழுதுங்க. கெத்து ஒரு இடத்துல பாராட்டு, இன்னொரு இடத்துல பொறாமை. ஒரே சொல்லுன்னு ஒரே மாதிரி போட்டா ரெண்டுல ஒண்ணு பொய்யாயிடும். இந்த வருஷம் அங்க புதுசாப் பொறந்திருக்குற ஸ்லாங்கைப் போடாதீங்க, ரெண்டு வருஷத்துல பழசாகிப் பல்லிளிக்கும். ஐயோவை மட்டும் பயப்படாம ஐயோன்னே விடலாம், 2016லயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள்ள போயாச்சு.

கடைசியா ஒண்ணு, இதுதான் என்னை ரொம்பக் கவலைப்பட வெக்குது. உங்க ஆங்கிலத்தைப் பாத்து பிரெஞ்சு போடுறதா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. அவரு கையில தமிழ் வசனத்தைக் கொடுங்க. ஏன்னா தமிழ்ல நீ, நீங்கன்னு இருக்குற மாதிரி பிரெஞ்சுல 'த்யூ', 'வூ'ன்னு இருக்கு. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே யூதான். தமிழ்ல இருக்குற மரியாதை ஆங்கிலத்துக்குள்ள போறப்ப கரைஞ்சிடுது, அப்புறம் பிரெஞ்சு போடுறவரு அதைக் குத்துமதிப்பாத்தான் போட முடியும். நம்ம கையில இருக்குறதை நாமளே தொலைச்சுட்டு, அவரைத் தேடச் சொல்ற வேலை அது.

---

ஒசாக்கா_நெய்வேலிக்காரன்:

நானும் கடலூர் மாவட்டம்தான், நெய்வேலி. இப்ப ஜப்பான்ல இருக்கேன். அக்கா சொன்ன 42 எழுத்தே தாராளம்ங்க. இங்க ஜப்பானிய சப்டைட்டிலுக்கு வினாடிக்கு 4 எழுத்துன்னுதான் வழக்கமாக் கணக்கு. பேசுறதுல பாதியைத் தூக்கிப் போட்டுத்தான் ஆகணும். அப்படியிருந்தும் 1998ல முத்து இங்க வந்து பெரிய ஹிட். ரஜினி படம் ரிலீஸ்னா சென்னைக்கே ஃபிளைட் புடிச்சு வர்ற ஜப்பான் ரசிகருங்க இருக்காங்க. தலைவா மாதிரி சொல்லெல்லாம் அவங்களே கத்துக்கிட்டாங்க, யாரும் பாடம் எடுக்கல. பிடிச்சுப்போன ஆளு வாயில ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா கத்துக்கத்தான் செய்வாங்க. என்னோட சந்தேகம் வேற. முதல் எபிசோடே பாக்காம நேரா மூணாவதை ஓப்பன் பண்றவங்க நிலைமை என்ன?

---

குருசுக்குப்பம்_வாத்தியார்:

துபாசி அம்மையார் கூறியதை முழுமையாக ஆதரிக்கிறேன். நான் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி காட்டியவை ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகள். 1959-இல் கோசினியும் உடெர்சோவும் தொடங்கியவை. அதில் ஒபெலிக்ஸ் என்னும் பருத்த வீரன், எதைப் பார்த்தாலும் நெற்றியைத் தட்டிக்கொண்டு "இந்த ரோமானியர்களுக்குப் பைத்தியம்தான்" என்பான். எந்த மொழிக்குப் போனாலும் இந்த வாக்கியம் தானாகப் பிழைத்துக்கொள்கிறது. புத்தகத்துக்குப் புத்தகம் அது திரும்பத் திரும்ப வருவதும், கூடவே அந்தக் கை அசைவு இருப்பதும்தான் காரணம். இத்தாலியருக்கு அதில் கூடுதலாக ஒன்றும் கிடைத்தது. அவர்கள் மொழியில் அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எஸ், பி, கியூ, ஆர் என்று வரும். பண்டைய ரோமானிய அரசின் அதிகாரக் குறியீடும் அதுவே.

ஆனால் நாயின் பெயருக்கு இந்த வழி செல்லவில்லை. பிரெஞ்சில் அது இதேஃபிக்ஸ். 'மாறாத பிடிவாத எண்ணம்' என்னும் வழக்குச் சொல்லில் இருந்து வந்தது. ஆந்தியா பெல், டெரக் ஹாக்ரிட்ஜ் இருவரும் ஆங்கிலத்தில் அதை டாக்மேடிக்ஸ் ஆக்கினார்கள். பிடிவாதமும் அதற்குள் இருக்கிறது, நாயும் இருக்கிறது. ஒரே புத்தகத்தில் ஓரிடத்தில் அப்படியே விட்டும், ஓரிடத்தில் புதிதாகப் படைத்தும் வேலை செய்திருக்கிறார்கள். ஆகையால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி தேட வேண்டாம் என்று கயலுக்குச் சொல்வேன்.

நெய்வேலித் தம்பியின் ஐயத்துக்கு: ஒவ்வொரு பகுதியையும் தனியே பார்ப்பவருக்கும் ஓரளவு புரியவேண்டும் என்பது நியாயமே. மேற்கோள் குறி அங்கேதான் கை கொடுக்கும். என்ன வரி என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு வரி என்பதாவது தெரியும்.

---

கயல்_கடலூர்ஓடி:

அக்கா, சார், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆணி சீனை நேத்து ராத்திரியே அக்கா சொன்ன மாதிரி மாத்திட்டேன். இப்ப ரெண்டு கேள்வி.

ஒண்ணு, வாழைப்பழம். மூணாவது எபிசோட்ல ஓனர்கிட்ட மாரி 2000 ரூபா கடன் வாங்கியிருக்கான். 1000 திருப்பிக் கொடுக்குறான். "இன்னொரு 1000 எங்கடா?"ன்னு கேட்டா, அதே நோட்டுங்களைக் காட்டி "அந்த இன்னொண்ணுதாண்ணே இது"ங்கிறான். கரகாட்டக்காரன் வந்த 1989ல இருந்து நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இதுக்கும் முன்னாடியே எங்கயாவது ஏற்பாடு பண்ணணுமா?

ரெண்டாவது, நீங்க நீ பத்திச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாலாவது எபிசோட்ல மாரிக்கும் ஓனருக்கும் பெரிய சண்டை வருது. அதுவரைக்கும் "அண்ணே, நீங்க"ன்னே பேசினவன், அந்த இடத்துல "நீ என்ன பெரிய இவனா?"ன்னு கேட்டுடுறான். அதுதான் மொத்த சீரிஸுக்கே திருப்பம். ஆங்கிலத்துல நான் என்ன பண்ணுவேன்?

---

துபாசி_முத்தியால்பேட்டை:

வாழைப்பழத்துக்கு ஒண்ணும் பண்ண வேணாம். கவுண்டமணி, செந்தில் யாருன்னே தெரியாதவங்களுக்கும் அது அப்படியே புரியும். ரெண்டு வேணும், ஒண்ணுதான் இருக்கு, அந்த இன்னொண்ணுதான் இது. வேடிக்கை அந்தக் கணக்குலயே இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை போட்டுடுங்க. ஓனர் மூஞ்சி மாறுறதுக்கு முன்னாடி எழுத்து மறைஞ்சிடணும், அதை மட்டும் பாத்துக்குங்க. என் பெரியம்மா பேரன் பாரிஸ் பக்கம் சார்செல்ல பொறந்து வளர்ந்தவன், அவனுக்கு அந்தக் காட்சியைச் சும்மா வாயால பிரெஞ்சுல சொன்னதுக்கே திரும்பச் சொல்லச் சொன்னான்.

நாலாவது எபிசோடுக்கு பிரெஞ்சுல கவலையே இல்ல. மூணு எபிசோடும் 'வூ'ல போகட்டும், சண்டையில 'த்யூ' விழட்டும். பாரிஸ்ல பாக்குறவங்களுக்குச் சுருக்குன்னு தைக்கும். அதுக்காகத்தான் தமிழைக் கொடுங்கன்னு கெஞ்சினேன். உங்க ஆங்கிலத்தை மட்டும் பாத்திருந்தா, ஒரே ஷெட்டுல வேலை பாக்குற ஆளுங்கதானேன்னு முதல் எபிசோட்லயே 'த்யூ' போட்டிருப்பாங்க, அந்தச் சண்டை சப்புன்னு போயிருக்கும்.

ஆங்கிலத்துக்கு அண்ணேயைக் காப்பாத்துங்க. மாரி ஓனரைக் கூப்பிடுற ஒவ்வொரு இடத்துலயும் அண்ணான்னு எழுதுங்க, சுருக்குறேன்னு எங்கயும் வெட்டாதீங்க. சண்டையில அதை எடுத்துடுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிட விடுங்க. மூணு எபிசோட் அண்ணான்னு படிச்ச கண்ணு, அது இல்லாதப்ப கண்டிப்பாக் கவனிக்கும்.

பிரெஞ்சு போடுறவருக்கு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. துறைமுகத்துப் பசங்கன்னு மார்செய் பேச்சைக் கொண்டுவர ஆசை வரும். வேணாம். பாக்குறவங்க மனசு மார்செய் துறைமுகத்துக்குப் போயிடும், கடலூர் திரும்பாது. பேச்சு வழக்குன்னு காட்ட இலக்கணமே போதும். பேசுறப்ப பிரெஞ்சுக்காரங்க எதிர்மறையில 'நெ'யை விட்டுடுவாங்க. 'ழெ நெ ஸே பா'ன்னு எழுத்துல இருக்குறது வாயில 'ஷே பா'ன்னு வரும். அந்த மாதிரி போட்டா எந்த ஊருன்னு தெரியாது, படிச்ச பேச்சு இல்லன்னு மட்டும் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான்.

---

வில்லியனூர்_செந்தில்:

அக்கா சொன்ன டப்பிங், சப்டைட்டில் வித்தியாசத்தை ஒத்துக்குறேன். குரல் காதுல விழுறப்ப அந்த சுதந்திரம் எடுக்க முடியாதுதான். ஆனா டப்பிங்ல நான் சொன்னதுல இருந்து மாற மாட்டேன். தியேட்டர்ல இருட்டுல உக்காந்திருக்குறவனுக்கு இரண்டாவது எபிசோட் வரைக்கும் பொறுமை கிடையாது.

கயல், ஏலம் விடுற அம்மா பேசுறதை என்ன பண்ணியிருக்கீங்க? அது பசங்க ஸ்லாங் இல்லையே.

---

கயல்_கடலூர்ஓடி:

நல்லவேளை கேட்டீங்கண்ணே. அந்த அம்மா "கொண்டல் அடிக்குது, இன்னைக்கு எவன் போவான்"னு ஒரு இடத்துல சொல்லுவாங்க. நான் அதையும் ஸ்லாங் லிஸ்ட்டுலதான் எழுதி வெச்சிருந்தேன், கேள்வியில சேக்கல. வாடை, கொண்டல் எல்லாம் எங்க வீட்டுப் பெரியவங்களும் சொல்றதுதான்.

---

துபாசி_முத்தியால்பேட்டை:

அதை அந்த லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க கயல். கொண்டல் தொழில் சொல். வாடைன்னா வடக்குக் காத்து, கொண்டல்னா கிழக்கே கடல்ல இருந்து வர்றது, கரையில இருக்குறவங்களுக்கு அது பழகின சொல். பசங்க பேச்சு மாதிரி விளையாட்டா எழுதினா அந்த அம்மாவோட அனுபவமே போயிடும். "கிழக்குக் காத்து"ன்னு தெளிவா, நேரா, அதிகாரமா போடுங்க. அவங்க வரியில மட்டும் சுருக்கம், கொச்சை எதுவும் வேணாம். பசங்க பேசுற விதத்துக்கும் அவங்க பேசுற விதத்துக்கும் உள்ள தூரம் எழுத்துலயே தெரியணும்.

நாலு எபிசோடோட தமிழ் வசனத்தையும் டைம்கோடோட எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. பிரெஞ்சு போடுறவரு முடிச்சதும் ஒரு தடவ நானும் படிச்சுப் பாக்குறேன். ஏலச் சத்தத்துல அந்த அம்மா விலையை அடுக்கிக்கிட்டே போவாங்களே, அந்த இடத்தைத் தனியாக் குறிச்சு அனுப்புங்க. எண்ணை எழுத்துல போடுறதா, இலக்கத்துல போடுறதான்னு முதல்லயே பேசி முடிவு பண்ணிடணும். அவங்க பேசுற வேகத்துக்கு இலக்கம்தான் படிக்க வரும்னு நெனைக்கிறேன்.